திண்டிவனத்துக் கோதா மண்

விழுப்புரம் அயல்நாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிப்பவர்கள் ஒரு தடவை புதுச்சேரியிலிருந்து ரயிலேறிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரன் எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை தொடங்கியதும் வண்டியை நிறுத்திவிடுவார்கள். காக்கிச் சட்டைச் சுங்கக்காரர்கள் ஏறி மூட்டை முடிச்செல்லாம் அவிழ்க்கச் சொல்வார்கள். மாமியார் வீட்டுக்குப் போகிறவன்கூட அங்கே அயல்நாட்டான்தான்.

என் மூட்டையில் இருந்தது இரண்டு வேட்டி, ஒரு லங்கோடு, உடம்புக்குத் தேய்க்க ஒரு பாட்டில் நல்லெண்ணெய், வழிக்கு ஒரு நீள ரொட்டி. சுங்கக்காரர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். பிராந்தி இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியது. பிறகு லங்கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னாய்யா?"

"குஸ்தி போடறவன் கட்டறது."

"நீ பயில்வானா? பாத்தா தையக்காரன் மாதிரி கீறே."

வண்டியே சிரித்தது. அவர் அரசாங்க உடுப்பில் மட்டும் இல்லாவிட்டால், நான் யார் என்று அங்கேயே காட்டியிருப்பேன்.

நான் பயில்வான் இல்லை, ஆலையில் ஃபிட்டர். வேலை முடிந்தால் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் நாடகத்துக்குப் போவார்கள். எனக்குக் குஸ்தி. ஒருவன் என் கையை முறுக்கினால், எப்படி முறுக்கினான் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களிடம் காலால் அடிக்கும் பிரெஞ்சுச் சண்டை கொஞ்சம் படித்தேன். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய சிப்பாய் ஒருவன் மணிக்கட்டை மடக்கும் வித்தை ஒன்றைச் சொல்லித்தந்தான். இப்படிப் பொறுக்கிச் சேர்த்த பிடிகளை வைத்துக்கொண்டு எங்கள் பேட்டையில் நான் கொஞ்சம் திமிராகவே இருந்தேன்.

அந்தத் திமிரைக் கண்ணப்பன் அடக்கினான். திண்டிவனத்துக்காரன். திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் கோதாவில் இறங்கினான். வெளியூரார் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்: கோதா என்பது குஸ்தி போடுவதற்காகத் தோண்டிப் பதப்படுத்திய மண் பள்ளம். இரண்டு தோளும் ஒன்றாக அந்த மண்ணில் பட்டால் தோல்வி. கண்ணப்பன் தன் காலால் என் காலைப் பின்னினான், குதிகாலில் ஒரு சுற்றுச் சுற்றினான். அடுத்து நான் பார்த்தது வானத்தை. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "திண்டிவனம் வாங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பஞ்சு வராமல் ஆலை நின்றது. நான் கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் இறங்கியது சவரிமுத்துவுக்காக. என்னோடு வேலை செய்பவனின் மைத்துனன். ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவனுக்கும் குஸ்திப் பைத்தியம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

விழுப்புரம் ஸ்டேஷனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஸ்டேஷனில் ரயில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் கடல். இங்கே நாலு பக்கமும் தண்டவாளம் ஓடுகிறது. எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று ஜனங்கள் முட்டி மோதுகிறார்கள். இட்லி நன்றாக இருந்தது. காப்பியைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

சவரிமுத்து குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தலைக்குக் கீழே நேராகத் தோள். வீடு ஊருக்கு வெளியே, கோலியனூர் போகிற வழியில், சேரியில் இருந்தது. அவன் மனைவி லூர்து கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் கொண்டுபோன ரொட்டியை அவள் கையில் கொடுத்தேன். தட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது, கட்டை மாதிரி கீது. இத்தத் துன்னுட்டா குஸ்தி போடறீங்க?"

"குழம்புல தொட்டுச் சாப்பிடு, தெரியும்."

"கட்டிப் புரள்றதுக்கு ரயிலேறி வந்தவரு நீங்க ஒருத்தருதான். எங்க வூட்டுக்காரரு பகலெல்லாம் மூட்டையத் தூக்கிப் போடுறாரு, சாயங்காலம் ஆளைத் தூக்கிப் போடுறாரு. மூட்டைக்காவது கூலி உண்டு."

சவரிமுத்து சிரித்தபடியே களியை விழுங்கினான். ரொட்டி குழம்பில் ஊறியதும் லூர்து இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினாள். 

மறுநாள் வேலை முடிந்ததும் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். இன்ஜினிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பலும் கரிக்கட்டியும் கெட்டித்துப்போன தரை. அதுதான் அவன் குஸ்தி போடும் இடம். ஊருக்குள் கோதா இருக்கிறது. ஆனால் சேரிக்காரன் அதில் கால் வைக்கக் கூடாது. சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தே பிடிகளைப் படித்திருக்கிறான்.

என்னைப் பிடிக்கச் சொன்னேன். குனிந்து தோளை என் இடுப்புக்கடியில் கொடுத்தான். நெல் மூட்டை மாதிரி மேலே போனேன். கண்ணை மூடிக்கொண்டு விழுவதற்குக் காத்திருந்தேன். விழவில்லை. மெதுவாக இறக்கி, முதுகைத் தரையில் படுக்க வைத்தான். தாய் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது.

"இன்னா விளையாட்டு இது? எறியறதுன்னா எறி!"

"இந்தத் தரையில எறிஞ்சா முதுகு பிளந்துடும்ணே. போன வருஷம் ஒருத்தன நெஜமாவே எறிஞ்சேன். தோள்பட்டை எலும்பு முறிஞ்சிடுச்சி. இன்னமும் மூட்டை தூக்க முடியாம கஷ்டப்படறான். அப்புறம் ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர யாரும் என்னோட புடிக்க வர்றதில்ல." கரிக்கட்டி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னான்: "பதமான கோதா மண்ணுல, ஒரே ஒரு தபா, பயமில்லாம முழு பலத்தோட ஒருத்தன எறிஞ்சு பாக்கணும்ணே. என்னால முடியுமான்னே எனக்குத் தெரியாது."

குஸ்தியில் ஆசைப்பட இதைவிடச் சின்ன விஷயம் கிடையாது. அதுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. "என்னோட திண்டிவனம் வா" என்றேன். விஷயம் தெரிந்ததும் லூர்து முறைத்தாள். அவன் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பஸ்ஸைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. டியூப் கிடைக்காத காலம், பின் டயரில் காற்றுக்குப் பதில் வைக்கோல் அடைத்திருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டும்வரை குலுக்கலோடு ஓடியது. கூட்டேரிப்பட்டு வந்ததும் டயர் வாயைப் பிளந்து வைக்கோல் வெளியே தள்ளியது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரத்து மாடு ஒன்று வந்து டயரைத் தின்ன ஆரம்பித்தது.

"ஏய், ஜல்தி மாட்டை ஓட்டுய்யா! ஊருக்குப் போவ வாணாமா?" என்று டிரைவர் கத்தினார்.

"நீங்க வண்டிக்குத் தீனி போட்டா அது துன்னாம இன்னா பண்ணும்?" என்றார் மாட்டுக்காரர். எங்கள் ஊர்ப் பஸ்ஸும் ஒழுங்கில்லை. ஆனால் அதை மாடு தின்று நான் பார்த்ததில்லை.

டயரை அடைக்கும்வரை டீக்கடையில் நின்றோம். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக் கொறித்தோம். எனக்குக் கண்ணாடிக் கிளாசில் டீ வந்தது. சவரிமுத்துவை ஏற இறங்கப் பார்த்த கடைக்காரர், அவனுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார். என் டீயைக் கடைக்காரர் காலடியில் கொட்டினேன். அவர் ஓலமிட்டார், நானும் சளைக்கவில்லை.

"வுடுண்ணே," என்றான் சவரிமுத்து. "எனக்குப் பழக்கம். நீ கத்தறதுல என் டீயும் ஆறிடுச்சி."

எங்கள் ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சர்க்கார் வாசலில் சமத்துவம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாதா கோயிலில் யார் எங்கே மண்டியிடுவது என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

திண்டிவனத்துக் கோதா ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. தோப்பும் கோதாவும் மல்லாட்டை மண்டி நடத்தும் ஒருவருடையவை. அவர் குஸ்தி போட்டதில்லை. ஆனால் பெரிய வயிற்றைச் சுமந்துகொண்டு தினமும் காலையில் வந்து நாற்காலி போட்டுப் பார்ப்பார். நடுவர் வேலை காசிம் பாயுடையது, ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். நான் லங்கோடு கட்டி வந்ததும் காசிம் பாய் பக்கத்தில் இருந்தவரிடம் உருதுவில், "காலைப் பார், கொக்கு தோற்றுப்போகும்" என்றார். எங்கள் கோதாவில் பாதிப் பேர் துலுக்கர்கள் என்பது அவருக்குத் தெரியாது. "கொக்கு கொத்தினா வலிக்கும் பாய்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கண்ணப்பன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். "பாண்டிக்காரரே! நெசமாவே வந்துட்டீங்களா!"

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலித்த செம்மண். அதில் நல்லெண்ணெய், மோர், மஞ்சள், வேப்பிலைத் தூள் கலந்து வருஷக்கணக்காகக் கொத்தி மிதித்துப் பழக்கியிருந்தார்கள். காலை வைத்தால் மாவு மாதிரி அமுங்குகிறது. வாசனை ஒரு வைத்தியசாலைக்குள் போன மாதிரி. கண்ணப்பன் ஒரு கைப்பிடி அள்ளி என் தோளிலும் முதுகிலும் தேய்த்தான். நானும் அவனுக்குத் தேய்த்தேன். வியர்வை வழுக்காமல் இருக்க ஒருவர் உடம்பில் ஒருவர் மண் பூசுவது எல்லாக் கோதாவிலும் உள்ள வழக்கம். பூசாவிட்டால் பிடி இல்லை.

வித்தையை ஒளிக்காமல் காட்டினான். ரகசியம் குதிகாலில். மெத்தென்ற மண்ணில் குதிகாலைப் பதித்து, திருகாணி மாதிரித் திரும்ப வேண்டும். பல தடவை விழுந்த பிறகு பாதி பிடிபட்டது. கோதாவின் விளிம்பில் நின்று சவரிமுத்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கூட்டாளியும் ஒரு கை பாக்கட்டுமே" என்றேன்.

மண்டிக்காரர் நாற்காலியிலிருந்தே கேட்டார்: "யாரு வூட்டுப் புள்ள?"

நான் வாய் திறப்பதற்குள் சவரிமுத்துவே சொல்லிவிட்டான். ஊரைச் சொன்னான், சேரி என்றும் சொன்னான். பொய் சொல்லியிருந்தால் இறங்கியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"அப்ப அங்கியே நில்லுப்பா. இது அனுமார் சாமி மண்ணு. தீட்டாயிட்டா மொத்தத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு வேற மண்ணு போடணும். பேஜாரு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அச்சில் போடமாட்டார்கள். அதனால் ஒரு பிரயோசனமும் ஏற்படவில்லை. ஏற்பட்டது கண்ணப்பனால். அவன் வாதம் எதுவும் செய்யவில்லை. சவரிமுத்துவின் தோளை முன்னாலும் பக்கவாட்டிலும் போய்ப் போய்ப் பார்த்தான். சந்தையில் நல்ல காளையைக் கண்டவன் மாதிரி. குஸ்திக்காரனுக்கு வரும் அந்த அரிப்பு எனக்குத் தெரியும்.

"இவரோட ஒரு தபா புடிக்கணும் மொதலாளி. இங்க வாணாம்னா வெளியிலயாவது."

மண்டிக்காரர் தாடையைச் சொறிந்தார். ஊர்ப் பயில்வான் கேட்கிறான். முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியவில்லை. வேலிக்கு வெளியே, ஏரிக்கரைச் சரிவில் வேறு பள்ளம் தோண்டச் சொன்னார். அன்றே ஆட்கள் வந்து தோண்டினார்கள். தோண்டியவர்கள் யார் என்று கேட்க வேண்டுமா? சேரி ஆட்கள்தான். எண்ணெய், மஞ்சள் எதுவும் போடவில்லை. "அந்த மண்ணுக்கு எண்ணெ ஒரு கேடா?" என்றார் மண்டிக்காரர்.

மறுநாள் காலை நல்ல கூட்டம். சவரிமுத்து பள்ளத்தில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தான். மேலே புழுதி, அடியில் உடையாத கட்டி. கூட்ஸ் ஷெட் தரைக்கு இது அண்ணன் தம்பி. "இதுவும் அதேதாண்ணே" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணப்பன் மண் அள்ளிப் பூச வந்தான். "அவனவன் மண்ணை அவனவனே பூசிக்கட்டும்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கண்ணப்பன் கை பாதியில் நின்றது. பிறகு தன் உடம்பிலேயே தேய்த்துக்கொண்டான். முதுகுக்கு எட்டவில்லை.

காசிம் பாய் கைதட்டினார். இருவரும் கழுத்தைக் கோத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தள்ளினார்கள். கண்ணப்பன் கெட்டிக்காரன். சட்டென்று கீழே போய்க் காலைப் பின்னினான்.  குதிகாலில் சுற்றப் பார்த்தான். சுற்ற முடியவில்லை. அவனுடைய மாவு மண் இல்லை இது. குதிகால் கட்டியில் இடறிக்கொண்டது. ஒரு கணம் ஒற்றைக்காலில் தள்ளாடினான். அந்தக் கணத்தில் சவரிமுத்துவின் தோள் அவன் இடுப்புக்கடியில் போய்விட்டது.

திண்டிவனத்துப் பயில்வான் வானத்தில் இருந்தான்.  "எறிடா! எறி!" என்று கத்தினேன்.

சவரிமுத்து கீழே மண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முழங்காலை மடக்கி, மெதுவாக இறக்கி, கண்ணப்பனின் முதுகைத் தரையில் படுக்க வைத்தான். இரண்டு தோளும் பட்டன.

"சித்!" என்றார் காசிம் பாய். மல்லாத்தியாயிற்று என்று அர்த்தம்.

"எங்கய்யா சித்?" மண்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "போட்டாத்தான் ஜெயிப்பு. இவன் எங்க போட்டான்? வெச்சான்! அரிசி மூட்டைய எறக்கற மாதிரி எறக்கி வெச்சான். குஸ்தியில வெக்கறதுன்னு ஒண்ணு உண்டா?"

கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். "வெச்சான்! வெச்சான்!" என்று யாரோ ஒருவன் ராகம் போட்டான். காசிம் பாய் கையைப் பிசைந்தார். அவர் ஜட்கா நிற்பதும் அந்த மண்டி வாசலில்தான். நான் பள்ளத்துக்குள் குதிக்கப் போனேன். அதற்குள் கண்ணப்பன் எழுந்து, நாற்காலிப் பக்கம் முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மொதலாளி. என் கை எட்டாத எடம். மண்ணு இருக்குதா இல்லியா?"

இரண்டு தோள்பட்டையிலும் செம்மண் அப்பியிருந்தது.

"இருந்தா? அவன் போடலியே."

"போட்டிருந்தா இந்நேரம் என்னைக் கட்டில்ல தூக்கிக்கினு போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் வெளங்கல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். வேலியைத் தாண்டினான். தோப்புக்குள் போனான். எல்லோரும் பின்னால் ஓடினோம். நேராகப் பழைய கோதாவில் இறங்கி மல்லாந்து படுத்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் புரண்டான். எழுந்தபோது முதுகில் இருந்த மண் எது, தரையில் இருந்த மண் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"இப்ப அந்த மண்ணையும் இந்த மண்ணையும் பிரிச்சுக் காட்டுங்க" என்றான்.

மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு தோப்பை விட்டுப் போய்விட்டார். என் கோபமெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஒருவன் படுத்துப் புரண்டு செய்துவிட்டான்.

மண்டிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலையில் அதே சேரி ஆட்களைக் கூப்பிட்டுக் கோதா மண் முழுவதையும் வெட்டச் சொல்லிவிட்டார். தீட்டுப்பட்ட மண் உள்ளே இருக்கக் கூடாதாம். கூடைகூடையாக வேலிக்கு வெளியே கொட்டினார்கள். வருஷக்கணக்காக எண்ணெயும் மோரும் குடித்த மண், பன் ரொட்டி மாதிரி உப்பலாக, குப்பையாகக் கிடந்தது. உள்ளே பச்சை மண் நிரப்ப வண்டி வந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து குவியலருகே உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினான். விரலிடையில் விட்டுப் பார்த்தான்.

"இது யாருக்கும் வாணாமாண்ணே?"

"குப்பைன்னு கொட்டிட்டாங்களே."

எழுந்து போனவன் எங்கேயோ பழைய கோணிகளை வாங்கிவந்தான். மூட்டை பிடிப்பது அவன் தொழில். மளமளவென்று நிரப்பினான். நான் வாரிக்கொடுத்தேன். கண்ணப்பன் வந்து கோணி வாயை விரித்துப் பிடித்தான். அப்போதுதான் பயல் கேட்டான், விழுப்புரத்துக்கு நானும் வரலாமா என்று. வாயேன் என்றான் சவரிமுத்து.

மல்லாட்டை இறக்கிவிட்டு விக்கிரவாண்டிப் பக்கம் காலியாகத் திரும்பிய மாட்டுவண்டி ஒன்று கிடைத்தது. வண்டிக்காரர் மூட்டையை அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள இன்னாப்பா?"

"மண்ணு."

"ஏன், விழுப்புரத்துல மண்ணு தீந்துடுச்சா?"

வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். எதிரே வந்த வண்டிக்காரர்களிடமெல்லாம், "மண்ணு ஏத்திக்கினு போறேன், மண்ணு!" என்று கூவினார். பாரம் அதிகமாகி மேட்டில் மாடு நின்றபோதெல்லாம் நாங்கள் மூவரும் இறங்கித் தள்ளினோம். சொன்ன இடத்தோடு அவர் நிற்கவில்லை. எங்கள் பைத்தியம் எதுவரை போகிறது என்று பார்க்க விழுப்புரம்வரை வந்துவிட்டார்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கரிக்கட்டிகளைக் கிளறி எறிந்து பள்ளம் தோண்டினோம். மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினோம். சின்னப் பள்ளம்தான், இரண்டு பேர் புரளலாம். லூர்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கூலிக்குத் தூக்கற மூட்டை போதாம, இப்ப மண்ணையும் மூட்டை கட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள். பிறகு குனிந்து மோந்தாள். "மஞ்ச வாசனை அடிக்குதே" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

யார் முதலில் என்று கண்ணப்பனும் நானும் சண்டை போட்டோம். நான் வயசில் மூத்தவன், ஜெயித்தேன். சவரிமுத்து மண்ணை அள்ளி என் முதுகில் பூசினான். நான் அவனுக்குப் பூசினேன். பிடித்தோம். தோள் என் இடுப்புக்கடியில் வந்தது, மேலே போனேன். இந்தத் தடவை அவன் கீழே பார்க்கவில்லை.

எறிந்தான்.

இவ்வளவு பெரிய அடியை நான் வாங்கியதில்லை. காதுக்குள் இன்ஜின் ஊதியது. மூக்கு, வாய், கண் எல்லாம் மண். கையை அசைத்தேன், அசைந்தது. காலை அசைத்தேன், அதுவும் இருந்தது.

"அடி பட்டுச்சாண்ணே?" சவரிமுத்துவின் முகம் வெளுத்திருந்தது.

"இல்லடா" என்றேன், மண்ணைத் துப்பிவிட்டு.

அவன் நம்பவில்லை. என் தோள்பட்டையை அமுக்கிப் பார்த்தான், முதுகைத் தடவிப் பார்த்தான். எலும்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அதன் பிறகுதான் அவன் பல் தெரிந்தது.

"அப்ப எழுந்திரு," என்றான். "இன்னொரு தபா."